பெடல் திறந்து கிடந்த ஆறு கிழமை

எனக்குக் கரகரப்பு ஆகாது. வானொலி இரைந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஒரு மாதிரி முனகினால், யாரும் கூப்பிடாமலே ஸ்குரூ ட்றைவரோடு போய் நிற்பேன். தொலைபேசிக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் கம்பியோடும் ஈயப்பற்றோடும் குடித்தனம் நடத்தியவன். கம்பியில் மனிதர் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் காதுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள்: "இவர் பிடிச்ச முயலுக்கு மூண்டு காலெண்டால், அந்த முயலும் ஓமெண்டு நொண்டிக்கொண்டுதான் போகவேணும்."

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெடல் ஸ்டீல் கிற்றார் நிற்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள் தையல் மெசினோ என்று கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை. நான்கு காலில் நிற்கும் பலகை, அதன்மேல் பத்துத் தந்தி, கீழே வரிசையாக மிதிகள். இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்க வேண்டும். வலது கை விரல்கள் மீட்டும். இடது கால் மிதிகளை அழுத்திச் சுருதியை மாற்றும். வலது காலுக்கு மட்டும் தனியாக ஒரு மிதி, வாத்தியத்துக்கும் அம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும். அதுதான் வொலியூம் பெடல்.

இளவயதில் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிற்றார்தான் எனக்குத் தெரியும். இதை அனுப்பியவன் ரொறன்ரோவில் இருக்கும் மனைவியின் தம்பி. ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாதத்தில் அலுத்துப்போய், கப்பலில் வந்த பெட்டியொன்றில் பால்மாவுக்கும் பழைய குளிர்ச்சட்டைகளுக்கும் நடுவே வைத்து எங்களிடம் தள்ளிவிட்டான். அது வந்து பன்னிரண்டு வருடமாகிறது. வாசிக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தையும் சகித்துக்கொண்ட ஒரே சீவன் அவள்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பிறகு ஞாயிறு ஆராதனைகளில் பாடகர் குழுவோடு வாசிக்கத் தொடங்கினேன். மிஷன் காலத்துக் கோயில். உயரமான கூரை, சத்தம் நன்றாக உலாவும். அவள் குழுவில் கீழ்க்குரல் பாடுவாள். எனக்கு நேர் பின்னால் நிற்பாள். முதல் நாளே வீட்டுக்கு வந்து சொன்னாள்: "உங்கடை சத்தத்திலை நாங்கள் வாயசைக்கிறது மட்டுந்தான் சனத்துக்குத் தெரிஞ்சது." அன்றிலிருந்து குழு பாடும்போது வலது காலை ஓரளவுக்குமேல் அழுத்த மாட்டேன். அவள் குரல் என் காதில் விழும் அளவுதான் கணக்கு. பாட்டின் கடைசிச் சரணம் மட்டும் என்னுடையது. அப்போது குழு நிற்கும், வாத்தியம் தனியே போகும்.

அந்தப் பெடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது. தந்தியை மீட்டினால் ஒலி பிறந்த கணத்திலிருந்தே சாகத் தொடங்கும். அது குறையக் குறையக் கால் பெடலை அழுத்தினால், ஒன்றுக்கொன்று ஈடாகி, ஒலி ஒருவர் மூச்சுப் பிடித்துப் பாடுவதுபோல நீண்டு நிற்கும். பெடல் இல்லாவிட்டால் நீட்சி இல்லை. பெடலின் வயிற்றுக்குள் இதைச் செய்வது ஒரு சின்ன உருண்டைச் சாமான். புத்தகத்தில் அதற்குப் பொட்டென்சியோமீற்றர் என்று பெயர். கடைக்காரர் வொலியூம் கொன்றோல் என்பார்கள், வாசிப்பவர்கள் பொட் என்பார்கள். பழைய வானொலியில் சத்தம் கூட்டத் திருகுவோமே, அதேதான். உள்ளே லாடம்போல வளைந்த ஒரு கரிப்பாதை, அதன்மேல் ஊர்ந்து போகும் ஒரு பித்தளை நாக்கு. பெடலை அழுத்தினால் ஒரு நூல் இழுபட்டு, பொட்டின் அச்சில் மாட்டிய கப்பியைச் சுழற்றி அச்சைத் திருப்பும். கரி தேய்ந்த இடத்தில் நாக்கு தடுக்கும். தடுக்கினால் கரகரக்கும்.

கரகரத்தது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. சனம் முழங்காலில் இருக்கிறது, கடைசிச் சரணத்தை மெல்ல ஏற்றுகிறேன், ஒலிபெருக்கியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இறக்கினேன், மறுபடியும் 'கர்ர்'. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வீட்டுக்கு வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு அவள் சிரித்தாள். "முட்டை பொரிச்ச மாதிரி இருந்தது" என்றாள். சுத்தம் செய்யும் மருந்து அடித்தேன். இரண்டு கிழமை, பதினாலு நாள் மட்டும், நன்றாக இருந்தது. பிறகு முன்னையைவிட மோசமாகிவிட்டது. மருந்து அழுக்கோடு சேர்த்து உள்ளே இருந்த எண்ணெய்ப் பசையையும் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று பிறகுதான் விளங்கியது.

அதே நாட்களில்தான் அவளுடைய வருத்தமும் திரும்பி வந்தது. நாலு வருடத்துக்கு முன் வெட்டி, மருந்து ஏற்றி, போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருந்த புற்று. வைத்தியர் இளம் பிள்ளை, கண்ணைப் பார்த்துப் பேசினார். "இனி வீட்டிலை வைச்சு நோவில்லாமல் பாப்பம் ஐயா" என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்டாள். "ஒரு ரெண்டு மாதம் எண்டு வைப்பம்" என்றார். அவள் நன்றி சொன்னாள். பஸ்ஸில் வரும்போது யன்னலோரம் இருந்து, மானிப்பாய் தாண்டுமட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய அக்கா, எனக்கு மச்சாள், கணவனை இழந்தவள், நீர்வேலியிலிருந்து இரண்டு பையோடு வந்து எங்களோடு தங்கினாள். குசினியையும் மருந்து நேரத்தையும் அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மச்சாள் வந்து மூன்றாம் நாள் பின்னேரம். முன்னறைக்குப் பக்கத்து அறையில்தான் என் மனைவியின் கட்டில். கதவு திறந்திருந்தால் வாத்தியத்தின் ஒரு பக்கம் தெரியும்.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டாள். "எங்கடை கலியாணத்துக்குப் பாடின பாட்டை ஒருக்கா வாசியுங்கோ. முழுக்கக் கேக்கவேணும் போல கிடக்கு."

"இப்ப வேண்டாம். பெடல் கரகரக்குது."

"கரகரக்கட்டும்."

"கரகரத்தால் உமக்கு நோகும். ரெண்டு நாள் பொறும், திருத்திப்போட்டு வாசிக்கிறன்."

அவளுக்கு நோகும் என்று சொன்னது பொய். நொந்திருக்கக்கூடியவன் நான்தான். அவள் கடைசியாகக் கேட்கப்போகும் பாட்டில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். அதை அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்று மாலையே பெடலைக் கவிழ்த்துப் பொட்டைக் கழற்றினேன். கழற்றியவன் சும்மா இருந்திருக்கலாம். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற புத்தி வந்தது. சாமணத்தால் தகர மூடியின் காதுகளை நிமிர்த்தினேன். இரண்டு காது முறிந்தது, உள்ளே இருந்த பாதை ஓரத்தில் வெடித்தது. இனி அது பெடலுக்குத் திரும்பிப் போகாது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பாதை முழுவதும் கறுப்பாக, புதிதுபோல இருந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே மட்டும், ஒரு விரல் நக அகலத்துக்கு, கரி சாம்பல் நிறமாகி அடிமட்டை தெரிந்தது. குழு பாடும்போது என் கால் நிற்கிற இடம் அது. பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குரலுக்குக் கீழே நான் அடங்கி நின்ற இடம். அதைக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப இதைப் பழுதாக்கினது நான்தான் எண்டுறியள்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் யாழ்ப்பாணம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் பழுதுபார்க்கும் உதிரிப் பாகங்கள் விற்கும் கடையொன்று இருக்கிறது. கடைக்காரர் என்னைக் கந்தோர் நாளிலிருந்து அறிந்தவர். "தம்பி, ஐந்நூறு கிலோ ஓம், ஏ எண்டு போட்டது வேணும்" என்றேன். அந்த எழுத்துத்தான் முக்கியம். ஏ என்று போட்ட பொட்டில் ஒலி முதலில் மெல்ல மெல்ல, கடைசியில் வேகமாக ஏறும். மனிதக் காதுக்கு அதுதான் ஒரே சீராக ஏறுவதுபோலக் கேட்கும். பி என்றால் கணக்குப்படி சமனாக ஏறும், காதுக்கோ எடுத்த எடுப்பில் குதிக்கும்.

அவர் பத்துப் பதினைந்து பெட்டியைக் கிளறினார். "ஐந்நூறிலை பிதான் அண்ணை இருக்கு. இதையே பூட்டுங்கோ. சத்தம் கூடும் குறையும், வேறென்ன?"

வேறென்னவா? அந்த மனிதரோடு கால் மணித்தியாலம் சண்டை பிடித்தேன். பிறகு அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். பெடலில் பூட்டிப் பார்த்தால் நான் சொன்னதுதான். கால் பெருவிரலை அசைத்தாலே ஒலி பாய்ந்து விழுகிறது, அதற்கு மேல் முழுக்க அழுத்தினாலும் ஒன்றும் ஏறவில்லை. ஒலியை நீட்டுவதற்கு இடமே இல்லை. கழற்றிவிட்டேன்.

அடுத்ததாக, கோயிலில் கழித்துப் போட்ட ஒரு பழைய அம்ப்ளிஃபயரிலிருந்து பொட் ஒன்றைப் பிடுங்கினேன். எழுத்து சரி, ஏ. அளவு சரியில்லை, நூறு கிலோ ஓம். எனக்கு அது தெரியும், தெரிந்தும் பூட்டிப் பார்த்தேன். அளவு குறைந்தால் வாத்தியத்தின் மேல் ஒலிகளை அது தின்றுவிடும். தந்திக்குமேல் போர்வை போர்த்தியதுபோல ஒரு மொத்தைச் சத்தம் வந்தது. அச்சும் இறுக்கம், நூல் வழுக்கிற்று. பெடலுக்கு லேசாகத் திரும்புகிற பொட் வேண்டும், கால் நினைத்தால் திரும்ப வேண்டும். அதையும் கழற்றினேன்.

இப்படி ஒவ்வொன்றையும் பூட்டும்போது ஒரே தந்தியை மீட்டி, காலை ஏற்றி இறக்கிக் காது கொடுப்பேன். மறுபடி அதே தந்தி. ஒரு நாளைக்கு நூறு தடவை இருக்கும். அந்தக் கிழமைகளில் அவள் கேட்ட சங்கீதம் அவ்வளவுதான். ஒரு நாள் உள்ளேயிருந்து சொன்னாள்: "ஒரே சத்தத்தையே டொங் டொங் எண்டு அடிச்சுக்கொண்டிருக்கிறியள். அடுத்த சத்தம் எப்ப வரும்?"

மச்சாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. "ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல். எனக்கு வாசிக்கத் தெரியும், சாமான்தான் இல்லை" என்று கத்தினேன். யாரும் என்னை வாசிக்கத் தெரியாதவன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மைத்துனன் ஆடி மாதம் லீவு எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"அத்தான், அக்காவுக்கு என்ன கொண்டுவர? இஞ்சை எல்லாம் எடுக்கலாம். சொல்லுங்கோ" என்றான்.

நான் பொட்டைச் சொன்னேன். ஐந்நூறு கிலோ ஓம், ஏ, பெடலுக்கென்றே செய்த நீடித்து உழைக்கிற வகை, லேசாகத் திரும்ப வேண்டும், அச்சு கால் அங்குலம், ஆறு மில்லிமீற்றர் என்று ஏமாந்து வாங்கிவிடாதே, கப்பி ஆடும். அவன் எல்லாவற்றையும் எழுதினான். திருப்பி வாசித்தும் காட்டினான்.

"வேறை ஒண்டும் வேண்டாமோ அத்தான்?"

"வேண்டாம். இது வந்தால் போதும்."

இப்போது நினைக்க நெஞ்சு வேகிறது. அவன் அக்காவுக்கு என்று கேட்டான். நான் எனக்குச் சொன்னேன்.

அவள் மெலிந்துகொண்டு போனாள். கஞ்சி ஒரு கோப்பை அரைக் கோப்பையானது. நோவு மருந்து கூடக் கூட நித்திரையும் கூடியது. தெளிவாக இருக்கும் நேரம் ஒரு நாளில் பின்னேரம் நாலு மணி தொடங்கி ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். இருந்துகொண்டு பொட்டைப் பற்றிப் பேசுவேன். அவளுடைய காலைத் தடவிக்கொண்டு, கரிப்பாதையைப் பற்றி. மருத்துவம், வலி, நாளை, எதைப் பற்றியும் பேசத் துணிவில்லாதவனுக்குப் பேச வேறு என்ன இருந்தது?

ஐந்தாம் கிழமை ஒரு நாள் அவளே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெடல் இல்லாமல் வாசிக்க ஏலாதோ? வயரை நேரா அம்ப்ளிஃபயரிலை குத்திப்போட்டு?"

முப்பத்திநாலு வருடம் என்னோடு இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஏலும். வாத்தியத்திலிருந்து வருகிற வயரைப் பெடலில் செருகாமல் நேரே அம்ப்ளிஃபயரில் செருகினால் சத்தம் வரும். நான் அதை நினைக்காமல் இருக்கவில்லை. நினைத்துத் தள்ளிவிட்டிருந்தேன்.

"ஏலும். ஆனால் அது வாசிப்பில்லை. அடிச்சவுடனை சத்தம் செத்துப்போகும். கட்டை கட்டையாய்க் கேக்கும்."

"கேக்கட்டும். பாதிதான் வந்தாலும் மிச்சப் பாதியை நான் மனசிலை போட்டுக்கொள்ளுவன்."

"விசர்க்கதை கதையாதையும். உம்முடைய தம்பி அடுத்த புதன் வந்திடுவான். பூட்ட அரை மணித்தியாலம். வடிவாய் வாசிக்கிறன்."

"நான் செத்தாப்பிறகு வடிவாய் வாசிச்சால் எனக்குக் கேக்கப்போகுதே?"

கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்ற மச்சாள், "அவள் ஆசைப்பட்டுக் கேக்கிறாளெல்லே, வாசிச்சு விடுங்கோவன்" என்றாள். நான் எழுந்து வெளியே போய், வெற்றுக் கையோடு கிணற்றடியில் நின்றேன். சாவு என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் நித்திரை. அதன் பிறகு அவள் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், புதனுக்கு இன்னும் மூன்று நாள். வரப்போகும் பொட்டின் கழுத்துப் பருமனை மைத்துனன் அனுப்பிய படத்தில் பார்த்திருந்தேன். பெடலில் உள்ள துளை சிறியது, அதற்குக் காணாது. முன்னறையில் இருந்து அரத்தால் துளையை ராவிக்கொண்டிருந்தேன். தெளிவான அந்த ஒரு மணித்தியாலம்தான் அது. உள்ளே அவள் மச்சாளிடம் கேட்பது எனக்குக் கேட்டது.

"முடிஞ்சிட்டுதாமோ?"

"இன்னும் கொஞ்சம்" என்று நான் இங்கிருந்தே சொன்னேன். தலையை நிமிர்த்தவில்லை.

நான் அரத்தை வைத்துவிட்டுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சாள் என்னைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். கட்டிலில் என் மனைவியின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. என் விரல்களில் அலுமினியத் தூள். அந்தக் கையோடுதான் அவள் கண்களை மூடினேன்.

வெளிநாட்டிலிருந்து இரத்த உறவு வருவதென்றால் எங்கள் ஊரில் உடலைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். மைத்துனன் வரும்வரை பொறுத்து, அடக்கம் வியாழன் என்று வைத்தார்கள். மூன்று நாள் அவள் முன்னறையில் கிடந்தாள். வாத்தியத்தைச் சுவரோடு ஒதுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினோம். திறந்து கிடந்த பெடலையும் மச்சாள் அந்தத் துணிக்குள் தள்ளிவிட்டாள்.

புதன் பகல் மைத்துனன் வான் வண்டியிலிருந்து இறங்கி நேரே அக்காவிடம் வந்தான். அழுதான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "மூண்டு நாள், மூண்டு நாள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அழுது முடிந்து என்னிடம் வந்து கட்டிப்பிடித்தான். விலகும்போது சேட்டின் மார்புப் பையிலிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்தான். ஒரு முழு நாளுக்கு மேல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அத்தான், நீங்கள் சொன்ன சாமான். கால் அங்குல அச்சுத்தான், கேட்டு வாங்கினனான்."

என்னால் கையை நீட்ட முடியவில்லை. அவனே என் சேட்டுப் பையில் போட்டுவிட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பெட்டிக்கும் வாத்தியத்துக்கும் நடுவே ஆறடி இருக்காது, பொட் என் பையில் இருக்கிறது. அந்த அறையில் ஒப்பாரிக்கும் செபத்துக்கும் இடமிருந்தது. பெண்சாதியின் பிரேதத்தை வைத்துக்கொண்டு கிற்றார் திருத்துகிறவனுக்கு எந்த ஊரில் இடமிருக்கிறது? நான் கேட்கவுமில்லை. ஆராதனையில் அந்தப் பாட்டைக் கீபோட்டில் வாசித்தார்கள். வாசித்த பெண்பிள்ளை கொஞ்சம் விரைவாகவே வாசித்தாள். சேமக்காலையில் மண் போடக் குனிந்தபோது பொதி பையிலிருந்து நழுவப் பார்த்தது, இடது கையால் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் நெஞ்சு நோகிறதாக்கும் என்று என்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

முப்பத்தோராம் நாள் ஆராதனையும் முடிந்து, மைத்துனனும் திரும்பிப் போன பிறகு, ஒரு பின்னேரம் துணியை விலக்கினேன். மச்சாள் அந்த மாதக் கடைசிவரை நிற்பதாகச் சொல்லியிருந்தாள். குசினியில் ஏதோ அரிந்துகொண்டிருந்தாள். நான் ராவி வைத்த துளையில் பொட் ஒரு மயிரிழை பிசகாமல் இறங்கியது. மூன்று ஈயப்பற்று, நூலை இரண்டு சுற்று, அவ்வளவுதான். அரை மணித்தியாலம் என்று அவளுக்குச் சொன்னேனே, அதைவிடக் குறைவாகத்தான் சென்றது.

மீட்டிப் பார்த்தேன். கால் வைத்த இடத்தில் ஒலி வைத்தபடி நின்றது. ஏற்ற ஏறியது, இறக்க இறங்கியது. கரகரப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலான எனக்கே ஒரு குறை சொல்லக் கிடைக்கவில்லை. பாட்டின் முதல் வரியை வாசித்தேன். குழு பாடும்போது நிற்கிற அந்த இடத்துக்குக் கால் தானாகவே போய் நின்றது. பின்னால் குரல் இல்லை. யாருக்காகக் காலை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்காமல் நிறுத்திவிட்டேன்.

பிறகு குனிந்து, பெடலில் செருகியிருந்த வயரைக் கழற்றி, நேரே அம்ப்ளிஃபயரில் செருகினேன். கதிரையை விட்டு எழும்பக்கூட வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். ஒரு நிமிடம் ஆகவில்லை.

அப்படியே பாட்டு முழுவதையும் வாசித்தேன். நான் சொன்னது சரிதான், மோசமாகத்தான் இருந்தது. அடித்த ஒலி அடித்த இடத்திலேயே செத்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் வெறுமை. வலது கால் பழக்க தோஷத்தில் வெறும் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கடைசிச் சரணத்துக்கு வரும்போது மச்சாள் கத்தியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். முடிந்ததும், "இதைத்தானே அவள் கேட்டவள்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் குசினிக்குத் திரும்பிப் போனாள். நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மிச்சப் பாதியை மனதில் போட்டுக்கொள்வேன் என்று அவள் சொன்னாளே, அதை நானும் செய்து பார்க்கலாம் என்று ஒவ்வொரு ஒலிக்குப் பிறகும் கண்ணை மூடிக் காத்திருந்தேன். எனக்கு வரவில்லை.